தாய்ப்பாலும் அதன் மாற்றங்களும்

(நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைச் செயலாளர் அவர்களிடம் தெரிவித்தபோது அவர் சற்றே தயங்கினார். "தங்கச்சி, இது கிளினிக்கிலே தாய்மாருக்குச் சொல்ல வேண்டிய விஷயமல்லவா? எங்கட கூட்டத்துக்கு வாறவர்களிலே பாதிப்பேர் பெடியங்கள்" என்றார். பெடியங்கள் நாளைக்குத் தகப்பன்மார் ஆகப்போகிறவர்கள். அன்றியும், ஒரு வீட்டிலே குழந்தைக்குப் பால்மா வாங்குவதா இல்லையா என்று தீர்மானிப்பவர்கள் பெரும்பாலும் தாயைத் தவிர்ந்த மற்றெல்லோரும்தான் என்று நான் விடை கூறினேன். அவரும் சிரித்துக்கொண்டே இடந்தந்தார். நான் படித்த மிஷன் பாடசாலையிலே எங்கள் ஆசிரியையும் இந்த அத்தியாயம் வந்ததும், "இதை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று கூறிப் பக்கத்தைப் புரட்டியவர்தான். வீட்டில் வாசிக்கவும் ஒருவருமில்லை, கேட்கவும் ஒருவருமில்லை. ஆகவே இங்கே பேசுகிறேன்.

நமது ஊரின் பெயர் முகத்துவாரம். களனி கங்கை கடலோடு கலக்கும் வாய் இது. இங்கே விடியற்காலையில் ஆற்றிலே ஒரு கை நீரள்ளி நாவில் வைத்துப் பார்த்து, "களனி நீரின் சுவை இதுதான்" என்று ஒருவர் முடிவுகட்டுவாரானால் மீன்பிடிக்கிற சிறு பையனும் சிரிப்பான். பெருக்குக்கு ஒரு சுவை, வற்றுக்கு ஒரு சுவை. மழைக்காலத்தில் நன்னீர் கடலையே தள்ளிக்கொண்டு போகும். கடுங்கோடையில் உப்பு நீர் ஆற்றுக்குள்ளே மைல்கணக்கில் ஏறும். தாய்ப்பாலும் இத்தகையதே. முதல் நாளுக்கும் முப்பதாம் நாளுக்கும், காலைக்கும் இரவுக்கும், ஏன், ஒருமுறை பாலூட்டும்போது முதல் வாய்க்கும் கடைசி வாய்க்கும் அது வேறுபடுகின்றது. இதனை அறியாமையால் எங்கள் வீட்டிலே விளைந்த துன்பத்தை முதலிற் கூறிவிடுகிறேன்.

2022ஆம் ஆண்டு. நாடு முழுவதும் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற காலம். என் அக்காவுக்குத் தலைப்பிள்ளை பிறந்து மூன்றாவது வாரம். பிள்ளை மாலைவேளைகளில் ஓயாது அழுதது. பக்கத்து வீட்டு மாமி நல்லவர். எங்கள் வீட்டில் எந்தக் காரியத்துக்கும் முன்னுக்கு நிற்பவர். அவர் அக்காவைக் கொஞ்சம் பாலை ஒரு கண்ணாடிக் குவளையில் பீச்சச் சொன்னார். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "இது என்ன பிள்ளை, அரிசி கழுவின தண்ணி மாதிரியல்லோ இருக்கு! நீலம் பாய்ஞ்சு கிடக்கு. இதைக் குடிச்சுப் பிள்ளை எப்படித் தேறும்?" என்றார். அக்காவின் முகம் அந்தக் கணத்தில் எப்படி மாறியதென்று இன்றும் என் கண்முன் நிற்கின்றது. அன்றிரவே அத்தான் கடன் வாங்கிய காசோடு குழந்தைப் பால்மாத் தகரமொன்றைத் தேடி மருந்துக்கடை மருந்துக்கடையாகத் திரிந்தார். கிடைத்தது. போத்தல் வந்தது. பத்தே நாளில் அக்காவுக்கு மெய்யாகவே பால் குறைந்துவிட்டது. "நான் அப்பவே சொன்னனானல்லோ" என்றார் மாமி.

பால் ஏன் குறைந்தது? மார்பிலே பால் சுரப்பது பிள்ளை உறிஞ்சும் அளவைப் பொறுத்தது. உறிஞ்ச உறிஞ்ச மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி புரோலக்ரின் என்னும் ஓமோனைச் சுரந்து, பாலை உண்டாக்கச் சொல்லுகின்றது. ஒட்சிற்றோசின் என்னும் மற்றொன்று உண்டான பாலை வெளியே தள்ளுகின்றது. வெளியேறாது தேங்கும் பாலோ, 'போதும், நிறுத்து' என்று மார்புக்குத் தானே அறிவிக்கின்றது. போத்தலில் வயிறு நிறைந்த பிள்ளை மார்பை நாடாது. நாடாத மார்பு சுரக்காது. மாமி கூறியது பொய்யாகத் தொடங்கி, எங்கள் கையாலேயே மெய்யாயிற்று.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. நம்மவர் பலர் பிழைப்புத் தேடிச் சென்ற மலாயா, சிங்கப்பூர்ப் பகுதியிலே, 1939இல் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் வைத்தியர் சிங்கப்பூர் றோட்டரிக் கழகத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் ஒரு பேச்சு நிகழ்த்தினார். இனிப்பூட்டிய தகரப் பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுத்ததனால் மடிந்த குழந்தைகளைக் கண்ணாற் கண்டவர் அவர். அத்தகைய விளம்பரங்களை அடக்க 1981இல் உலக சுகாதாரப் பேரவை ஒரு விதிக்கோவையை ஏற்றது. இலங்கையும் அதனைப் பின்பற்றித் தனக்கென ஒன்றை வகுத்துக்கொண்டது. இதில் நாம் பின்தங்கியவர்களல்லர். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட நம் நாட்டுக் குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மாத்திரமே அருந்தினர். பல செல்வந்த நாடுகளுக்குக் கிட்டாத எண் இது. எஞ்சிய பதினெண்மரின் வீடுகளுக்குள் போத்தல் எப்படி நுழைந்தது என்று கேட்டால், விளம்பரப் பலகையால் நுழைந்தது என்று நான் நம்பவில்லை. எங்கள் வீட்டைப் போலவே ஒரு கண்ணாடிக் குவளையால் நுழைந்திருக்கலாம்.

இனிப் பாலுக்கு வருவோம். முற்றிய தாய்ப்பால் 100 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 87 பங்கு நீர். 7 கிராம் பால்வெல்லம். மூன்றரை முதல் நாலு கிராம் வரை கொழுப்பு. புரதமோ ஏறக்குறைய 1 கிராம்தான். பசுவின் பாலிலே புரதம் இதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல், வெல்லம் குறைவு. ஆகவே பசுப்பால் கண்ணுக்குக் கெட்டியாகத் தெரியும். பசுக்கன்று பிறந்து இரண்டு மாதத்துக்குள் தன் பிறப்பு நிறையை இரட்டித்துக்கொண்டு மந்தையோடு ஓடவேண்டும். மனிதக் குழந்தைக்கு அந்த அவசரமில்லை. நிறை இரட்டிக்க ஐந்து மாதம் ஆகும். அதற்குள் அது வளர்க்க வேண்டியது மூளையை. அந்தந்தப் பாலில் அந்தந்தப் பிள்ளைக்கு வேண்டியது இருக்கின்றது.

'தண்ணிப் பால்' என்ற பழியைப் பற்றி ஒரு சுவையான செய்தி. நமது பழைய வைத்திய நூலாகிய சுசுருத சங்கிதையிலே தாய்ப்பாலைச் சோதிக்கும் முறை சொல்லப்பட்டிருக்கின்றது. நீரிலிட்டால் ஒன்றாய்க் கலந்து, குளிர்ச்சியாய், தெளிவாய், மெல்லியதாய், சங்கு நிறத்ததாய் இருப்பதே குற்றமற்ற பால் என்பது அதன் கருத்து. அஃதாவது மாமி குற்றமென்று கண்டதை முன்னோர் குணமென்று கண்டனர்! பழையவற்றை ஒன்றும் அறியாமலே 'எங்கட ஆக்கள் அந்தக் காலத்திலே' என்று பேசுவோருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் அதே நூலின் மற்றொரு கூற்றை நான் மறைத்தல் நேர்மையன்று. பிள்ளை பெற்ற மூன்றாம் நாலாம் நாளிலேதான் பால் வரும் என்றும், அதுவரை தேனும் நெய்யும் ஊட்டுக என்றும் அது கூறுகின்றது. தேனும் கற்கண்டுத் தண்ணீரும் தொட்டு வைக்கும் நமது வழக்கத்துக்கு வயது எத்தனை என்று இதனால் அறியலாம். இங்கே முன்னோர் பிழைத்தனர். முதல் நாளிலிருந்தே மார்பில் பால் உண்டு. அதுவே சீம்பால். மஞ்சள் நிறமாய், பசைபோல் தடித்து, முதல் நாள் முழுவதும் கூட்டினாலும் ஏறத்தாழ 30 முதல் 50 மில்லிலீற்றர்தான் வரும். ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி. பிறந்த குழந்தையின் இரைப்பையும் மிகச் சிறிதே. முற்றிய பாலைவிட அதில் வெல்லமும் கொழுப்பும் குறைவு. புரதம் இரண்டு மடங்குக்கு மேல். அந்தப் புரதத்தில் பெரும்பங்கு உணவுக்கானதன்று, நோயெதிர்ப்புக்கானது. குழந்தையின் குடலுக்குக் காவற்பூச்சுப் பூசுவது போல அது வேலை செய்கின்றது. கருமையான முதல் மலத்தை இளக்கி வெளியேற்றுவதும் அதுவே. மஞ்சள் நிறம் கரற்றீனால் வந்தது, பழுதானதால் வந்ததன்று. பசு கன்றீன்றதும் கறக்கும் கடும்பைக் காய்ச்சிச் சர்க்கரை போட்டு அயலுக்கெல்லாம் பகிர்ந்துண்ணும் நாம், மனிதப் பிள்ளைக்குரிய கடும்பை மாத்திரம் பீச்சிச் சுவரோரம் ஊற்றிய காலமும் இருந்தது. பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் வைக்கவேண்டும் என்று இன்று ஆஸ்பத்திரிகளில் சொல்வது இந்தச் சில கரண்டிகளுக்காகவே. தேனைப் பற்றியும் ஒரு சொல்: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் நாவில் தொட்டு வைப்பதும் ஆகாது. அதில் சில வேளை இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து, குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும்.

முதற் சில நாட்களுக்குப் பின் பால் பெருகும். வெல்லம் ஏறும், உப்பு இறங்கும். இரண்டு வாரமளவும் இடைநிலைப் பால். அதன்பின் சிறிது சிறிதாக முற்றிய பால். மாதம் முற்றுமுன் பிறந்த குழந்தையின் தாய்க்கோ முதல் வாரங்களில் புரதம் கூடிய பால் சுரக்கின்றது.

மாமியின் குவளையில் என்ன இருந்தது என்பதை இப்போது சொல்லலாம். பாலின் கொழுப்பு நுண்ணிய உருண்டைகளாக இருக்கும். மார்பு நிறைந்திருக்கும்போது அவ்வுருண்டைகள் பால் சுரக்கும் சிற்றறைகளின் சுவரோடு ஒட்டிக்கொண்டு பின்தங்கும். முதலில் வருவது கொழுப்புக் குறைந்து, நீரும் வெல்லமும் மிகுந்து, நீலம் பாய்ந்த பால். மார்பு வெறுமையாகிக் கொண்டு போகப் போகக் கொழுப்பு உருண்டைகள் இடம்பெயர்ந்து பாலோடு வருகின்றன. கடைசியில் வரும் பாலில் கொழுப்பு முதற் பாலைப்போல் இரண்டு மூன்று மடங்காகவும் இருக்கலாம். குவளையில் பீச்சியது முதற் பால். பிள்ளை இழுத்திழுத்துக் குடித்துக் கண்ணயரும்போது பெற்றுக்கொள்ளும் பாலை எவரும் பார்ப்பதில்லை. அது நேரே வயிற்றுக்குப் போய்விடுகின்றது.

இதைக் கேட்டு இனி 'முற்பால் கூடாது, பிற்பால் நல்லது' என்று ஒரு புதிய மூடநம்பிக்கையை உண்டாக்கிவிடாதீர்கள். அவை இரண்டு பால்களல்ல. ஒன்று மற்றொன்றாக மெல்ல மாறுகின்றது, எல்லைக்கோடு கிடையாது. முதற் பாலிலுள்ள நீர்தான் கொழும்பு வெக்கையில் பிள்ளையின் தாகத்தைத் தணிக்கின்றது; ஆறு மாதம் வரை பிள்ளைக்கு வேறு தண்ணீர் வேண்டியதில்லை என்று சொல்வதும் அதனாலேயே. கொழுப்பின் அளவைத் தீர்மானிப்பது மார்பு எவ்வளவு வெறுமையாயிருக்கிறது என்பதே. அரை மணிக்கு முன் குடித்த பிள்ளை திரும்பவும் குடித்தால், அதன் முதல் வாயே கொழுப்பு மிக்கதாய் இருக்கும். மணிக்கூட்டைப் பார்த்து, "பத்து நிமிஷம் ஆச்சு, மாத்து" என்று பிள்ளையைப் பிடுங்காமல், ஒரு பக்கத்தை அது தானாக விடும்வரை விட்டால் போதும்.

மாலை அழுகையின் மருமமும் இங்கேதான் உள்ளது. பொழுதுபடும் நேரத்தில் மார்பு மென்மையாய், வற்றியது போல் இருக்கும். "பின்னேரத்தில் பால் இல்லை" என்று தாய்மார் கலங்குவர். அவுஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் தாய்மாரின் பாலை இரவும் பகலும் அளந்து 2006இல் வெளியிட்ட ஆய்வொன்று, பகலிலும் மாலையிலும் வரும் பாலில், இரவிலும் காலையிலும் வரும் பாலைவிடக் கொழுப்பு அதிகம் என்று காட்டிற்று. காலையில் நிறைந்த குடம், மெல்லிய பால். மாலையில் அரைக்குடம், கொழுத்த பால். ஒரே ஊரில் ஒரே ஆய்வில் அளந்த தாய்மாருக்குள்ளேயே ஒருவர் பாலில் லீற்றருக்கு 22 கிராம் கொழுப்பும் மற்றொருவர் பாலில் 61 கிராமும் இருந்தன. எல்லாப் பிள்ளைகளும் நன்றாகவே வளர்ந்தன. கொழுப்புக் குறைந்தால் பிள்ளை கூடுதலாகக் குடித்து ஈடுசெய்கின்றது. பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு நமக்குத் தெரியவில்லை.

இரவுக்கு வேறொரு சிறப்புண்டு. இருளில் நம் மூளை சுரக்கும் மெலற்றோனின் என்னும் உறக்க ஓமோன் தாயின் இரவுப் பாலிலும் கலந்து வருகின்றது. பகற் பாலில் அது இல்லையென்றே சொல்லலாம். பிறந்த குழந்தைக்குத் தனக்கென இரவு பகல் கிடையாது. மூன்று மாதமளவிலேதான் அதன் மூளை இந்தத் தாளத்தைத் தானே பிடிக்கின்றது. அதுவரை, 'இது இரவு, உறங்கு' என்ற செய்தியைப் பால் கொண்டுவருகிறது எனலாம். வேலைக்குப் போகும் தாய்மார் பாலைப் பீச்சி வைப்பதானால் புட்டியில் நாளோடு நேரத்தையும் எழுதி, இரவுப் பாலை இரவிலும் பகற் பாலைப் பகலிலும் கொடுப்பது நன்று. கிடையாவிட்டால் எந்தப் பாலும் பாலே, கவலை வேண்டாம். இங்கே சட்டம் ஒன்றையும் நினைவூட்ட விரும்புகிறேன். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தொழிலாளிப் பெண்ணுக்கு வேலைநாளில் பாலூட்ட இரண்டு இடைவேளை தரவேண்டும் என்று மகப்பேற்று நன்மைகள் சட்டம் கூறுகின்றது. பிள்ளைகளைப் பார்க்க இடமிருந்தால் அரை மணி, இல்லாவிடில் ஒரு மணி. நம் வட்டாரத்திலிருந்து தையற் சாலைகளுக்குப் போகும் எத்தனை பேர் இதைக் கேட்டுப் பெற்றிருக்கிறார்கள்? கேட்டால் வேலை போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். அச்சம் அவர்களுடையது, அதைப் போக்குவதில் நமது சங்கத்துக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

இனித் தாய் உண்ணும் உணவுக்கும் பாலுக்கும் உள்ள தொடர்பு. இதைப் பற்றித் தெளிவான விடை கிடைத்தது நமக்கு அண்மையில் உள்ள இடமொன்றிலிருந்து. நீலகிரிக் குன்னூரிலே 1918இல் றொபேட் மக்கரிசன் என்பவர் பஸ்ரர் நிலையத்தின் ஒரேயொரு அறையில் பெரிபெரி நோயைப் பற்றிய விசாரணையைத் தொடங்கினார். அது வளர்ந்து போசாக்கு ஆராய்ச்சிக் கூடமாயிற்று. 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. சேலத்திற் பிறந்து, சென்னையில் மருத்துவம் கற்ற சி. கோபாலன் அங்கே பணியாற்றினார். அவரும் பவானி பெலவாடியும் ஏழைத் தாய்மாரின் பாலை அளந்து 1958, 1959ஆம் ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டனர். எலும்பும் தோலுமான பெண்களின் பாலிலும் புரதமும் வெல்லமும் நன்றாக உண்ட பெண்களின் பாலைப்போலவே இருந்தன! பாலின் அளவு ஓரளவு குறைந்தது; சில விற்றமின்கள் குறைந்தன. பாலின் அடிப்படை குலையவில்லை.

இதைக் கேட்டு மகிழ்வதா வருந்துவதா? தாய் உண்ணாவிட்டாலும் பாலின் புரதம் குறையாது என்றால், அப்புரதம் எங்கிருந்து வருகின்றது? அவளுடைய தசையிலிருந்து. சுண்ணாம்புச் சத்து எங்கிருந்து? பாலூட்டும் காலத்தில் நன்றாக உண்ணும் தாயின் எலும்பிலிருந்துகூடச் சிறிது கரைந்து போகின்றது. பால் மறந்தபின் அது மீளும். பால் நல்லது என்று பிள்ளையைப் பார்த்து ஆறுதலடைந்து, தாயை மறந்துவிடுவதே நமது பெருங்குற்றம். 2022இல் நம் தோட்டங்களில் எத்தனை வீடுகளில் கடைசியாகச் சாப்பிட்டவள் பிள்ளைத்தாய்ச்சியும் பிள்ளை பெற்றவளுமே! அவளுக்கென்று கிளினிக்கில் கொடுத்த திரிபோஷப் பொதியை வீடு முழுவதும் பகிர்ந்துண்டதையும் கண்டேன். பசியில் இருந்தவர்களைக் குறைகூற எனக்கு வாயில்லை.

விற்றமின்களிற் பலவோ தாயின் தட்டிலிருந்து நேரே பாலுக்குப் போகின்றன. இதற்கு இரண்டு சான்றுகள். ஒன்று, மேலே சொன்ன பெரிபெரி. அச்சொல்லே சிங்களத்திலிருந்து போனதென்று அகராதிகள் கூறும். 'இயலாது' என்று பொருள்படும், நாம் பஸ்ஸில் தினமும் கேட்கும் அந்தச் சொல்தான் இருமுறை அடுக்கி வந்தது. ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியையே பெரிதும் உண்ட தாய்க்கு விற்றமின் பி1 குறையும். அவள் நடமாடித் திரிவாள். ஆனால் அவள் பாலைக் குடித்த பிள்ளை இரண்டு மூன்று மாதத்தில் திடீரெனக் குரலற்று அழும், மூச்சு வாங்கும், இருதயம் தளர்ந்து இறக்கும். உரிய விற்றமினை ஊசியாலேற்றினால் சில மணி நேரத்தில் பிழைக்கும். பழைய சென்னை மாகாணத்திலே பச்சையரிசி உண்ட ஆந்திரக் கரையோரத்தில் பெரிபெரி நிலைகொண்டிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ்ப் பகுதிகள் தப்பின. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள விற்றமின் அரிசிக்குள் இறங்குவதே காரணம். யாழ்ப்பாணத்து அம்மம்மாவின் சிவப்புப் புழுங்கலரிசிச் சோற்றை விரும்பாமல் வெள்ளைச் சோறு கேட்கும் நாகரிகர்கள் கவனிக்க.

மற்றொன்று நமது சபைக்கு நேரே உரியது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியர்கள் 1962இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தாய்ப்பாலை மாத்திரம் அருந்திவந்த சில குழந்தைகள், இருந்த திறன்களையும் இழந்து, சிரிப்பு மறந்து, தோல் கறுத்து, இரத்தம் குன்றி வந்தன. தாய்மாரோ புலால் உண்ணாதவர்கள். அவர்கள் உடலிலும் பாலிலும் விற்றமின் பி12 குன்றியிருந்தது. அதைக் கொடுத்ததும் குழந்தைகள் தேறின. இந்த விற்றமின் மரக்கறியில் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி இவற்றிலேயே உண்டு. சைவ போசனத்தைக் கைவிடும்படி நான் சொல்லவரவில்லை. ஆனால் சைவம் காக்கும் வீட்டிலே, பாலூட்டும் பெண்ணுக்கு ஒரு கோப்பை பாலும் தயிரும் இல்லையென்றால், அந்த விரதத்தின் விலையைச் செலுத்துவது பேசத் தெரியாத பிள்ளை. வைத்தியரிடம் கேட்டு மாத்திரையாவது கொடுக்கவேண்டும். மிஷன் ஆஸ்பத்திரி கண்ட உண்மை என்பதற்காக இதை ஒதுக்குவோர் இங்கே இருக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மீனுண்ணும் வீடுகளுக்கு நல்ல செய்தி உண்டு. மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய கொழுப்பமிலமொன்று, மீன் உண்ணும் தாயின் பாலில் கூடுகின்றது. அதற்கு விலைகூடிய மீன் வேண்டாம். நமது துறைமுகத்தில் இறங்கும் சாளையும் சூடையும் போதும். பத்தியக்கறியில் அள்ளிப்போடும் உள்ளியும் வீணல்ல. அமெரிக்காவில் 1991இல் செய்த சோதனையொன்றில், தாய் உள்ளி உண்டு இரண்டு மணியளவில் பாலில் அதன் வாசம் ஏறியது. பிள்ளைகள் முகஞ்சுளிக்கவில்லை, மேலும் அதிக நேரம் மார்பிலேயே இருந்தன. வீட்டுச் சமையலின் வாசனையைப் பிள்ளை சோறு தீத்துமுன்னரே பழகிக்கொள்கிறது.

மாதங்கள் செல்லச் செல்ல நாகச்சத்துப் பாலில் வெகுவாகக் குறையும். இரும்போ தொடக்கத்திலிருந்தே சிறிது. ஆறு மாதமானதும் சோறு தீத்த வேண்டியது இதனாலேயே, பால் பழுதாகிவிட்டதென்றல்ல. இரண்டாம் ஆண்டிலும் பிள்ளைக்கு வேண்டிய சக்தியில் மூன்றிலொரு பங்கைத் தாய்ப்பால் தரக்கூடும். "ஒரு வயசுக்குப் பிறகு பாலில் ஒன்றுமில்லை" என்பாரைக் கேட்கும்போது சீகாழிக் குளக்கரை எனக்கு நினைவுக்கு வரும். உமையம்மை பொற்கிண்ணத்தில் பாலூட்டியபோது திருஞானசம்பந்தருக்கு வயது மூன்று. அம்மை வந்ததைச் சேக்கிழார் அற்புதமாகப் பாடினார். மூன்று வயதுப் பிள்ளை பால் அருந்தியதை அவர் வியப்பாகக் கருதியதாகத் தெரியவில்லை.

இறுதியாக அக்காவின் கதையை முடித்துவிடுகிறேன். எங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவமாது வீட்டுக்கு வந்தார். பிள்ளையின் நிறை அட்டையைப் பார்த்தார். போத்தல் தொடங்குவதற்கு முன்னரே கோடு சரியாக ஏறிக்கொண்டிருந்ததைச் சுட்டிக்காட்டினார். யாரையும் ஏசவில்லை. போத்தலைச் சிறிது சிறிதாகக் குறைத்து, இரவிலும் பகலிலும் கேட்கும் போதெல்லாம் பிள்ளையை மார்பில் போடச் சொன்னார். அக்காவுக்கு ஒரு வேளை கூடுதலாகச் சாப்பாடு கொடுக்கச் சொன்னார். ஐந்து வாரம் எடுத்தது. அந்த ஐந்து வாரமும் அக்கா பட்ட பாட்டை இங்கே விரிக்கமாட்டேன். தகரம் காலியானபின் மறுதகரம் வாங்கப்படவில்லை.

அதன்பின் ஒருநாள், அக்காவின் சம்மதத்தோடு நான் ஒரு சிறு சோதனை செய்தேன். காலையில் பிள்ளை குடிக்குமுன் பீச்சிய சிறிது பாலை ஒரு மெல்லிய கண்ணாடிக் குவளையிலும், குடித்து முடித்தபின் பீச்சிய அதேயளவு பாலை மற்றொன்றிலும் எடுத்து, அயல்வீட்டுக் குளிர்ப்பெட்டியில் பின்னேரம் வரை அசையாமல் வைத்தேன். அந்தக் குளிர்ப்பெட்டி மாமியுடையது. திறந்து பார்த்தபோது முதற் குவளையின் மேல் நூல் போன்றதொரு ஆடை. இரண்டாவதில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான தடிப்பில் மஞ்சள் ஆடை. மாமி இரண்டையும் விளக்குக்கு நேரே பிடித்து, மாறி மாறிப் பார்த்தார்.

"இரண்டும் உன்ர அக்காவின்ரதானோ?"

"ஓம் மாமி. ஒரே நேரம், ஒரே பக்கம்."

நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப என்ர மூத்தவளுக்கும் இதுதானோ..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். அவருடைய மூத்த மகள் முப்பது வருஷத்துக்கு முன் தன் பிள்ளைக்கு மூன்றாம் வாரத்திலேயே போத்தல் கொடுத்தவர். மாமி குவளைகளைக் கீழே வைக்கவில்லை. சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு, இரண்டையும் சிந்தாமல் ஏந்தியபடி, நாலு வீடு தள்ளிப் புதிதாகப் பிள்ளை பெற்றிருந்த மருமகளிடம் காட்டப் போனார்.